ஹாங்காங் ஆக்‌ஷன் பட ப்ளூ-ரே விமர்சனம்: புதிதாக எழுத வருபவர்களுக்கு

பழைய ஹாங்காங் சண்டைப் படங்கள் இப்போது வரிசையாக ப்ளூ-ரேயிலும் 4கே டிஸ்க்கிலும் வருகின்றன. வெளியிடுபவை பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள சிறிய நிறுவனங்கள். இவற்றைப் பற்றி எழுத வருபவர்கள் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள். நான்கு பத்தி கதைச் சுருக்கம் எழுதிவிட்டு, "பிக்சர் குவாலிட்டி சூப்பர்" என்ற ஒரே வரியில் டிஸ்க்கை முடித்துவிடுவது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம். படம் எடுத்த விதத்தால் வந்ததை டிஸ்க்கின் கோளாறு என்று எழுதிவிட்டு, டிஸ்க்கின் நிஜமான கோளாறைக் கோட்டைவிடுவார்கள். படிப்பவர் அதை நம்பி இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் செலவழிக்கப்போகிறார். அதனால் ஒவ்வொரு படியிலும் "இது படத்தினுடையதா, டிஸ்க்கினுடையதா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

1. எந்த நாட்டு டிஸ்க், எந்த வெர்ஷன்?

காசு கட்டுவதற்கு முன் ரீஜனை, அதாவது எந்தப் பகுதிப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற பூட்டைப் பாருங்கள். சாதாரண (1080பி) ப்ளூ-ரேக்கு மூன்று ரீஜன்கள் உண்டு. ஹாங்காங், அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ஏ. பிரிட்டன், மேற்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா சி. சென்னையில் வாங்கிய பிளேயரில் ரீஜன் பி பூட்டுள்ள பிரிட்டன் டிஸ்க்கைப் போட்டால் எச்சரிக்கை வாசகம் மட்டும்தான் வரும். 4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குகளுக்கு நடைமுறையில் ரீஜன் பூட்டு இல்லை என்பதால் பலர் துணிந்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு சாதாரண ப்ளூ-ரேயும் இருக்கும். பேட்டிகளும் மாற்று வெர்ஷன்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், அது பூட்டியிருக்கலாம். பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக என்ன ரீஜன் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது வெர்ஷன். இந்தப் படங்கள் ஹாங்காங்குக்கு ஒரு நீளம், வெளிநாட்டு விற்பனைக்கு ஒரு நீளம், அமெரிக்க மறுவெளியீட்டுக்கு ஒரு நீளம் என்று பிரிந்து கிடக்கின்றன. 1994இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர் 2', 2000இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போனபோது ஆங்கில டப்பிங்கும் புதிய பின்னணி இசையும் ஏற்றப்பட்டு, கடைசிக் காட்சி வெட்டப்பட்டது. 1992இன் 'போலீஸ் ஸ்டோரி 3' அமெரிக்காவில் 1996இல் 'சூப்பர்காப்' என்ற பெயரில், சில நிமிடம் குறைந்து, வேறு பாட்டுகளோடு வந்தது. ஆக, எந்த வெர்ஷன் என்று சொல்லாத விமர்சனத்தை வைத்து யாரும் எதையும் வாங்க முடியாது. கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

2. செலவு, காகிதங்கள், காத்திருப்பு

பிரிட்டன் கடை விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கும். வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பும்போது அதைக் கழித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு, கழிக்காத கடைகளும் உண்டு. 18 பவுண்டு டிஸ்க் வாட் போனால் 15 பவுண்டு. முகவரியைக் கொடுத்த பிறகுதான் இது தெரியும் என்பதால் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இந்தியச் சுங்கவரியை டிஸ்க் விலைக்கு மட்டும் கணக்கிடுவதில்லை, தபால் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்கு. கூரியரில் வந்தால் அவர்களின் கையாளும் கட்டணம் தனி. ஒரு டிஸ்க்குக்கும் நாலு டிஸ்க்குக்கும் அந்தக் கட்டணம் பெரிதாக மாறாது, அதனால் சேர்த்து ஆர்டர் போடுவது லாபம். "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பார்சல் சுங்கத்தில் தங்கிவிடும்.

எடுத்து வைக்கவேண்டியவை: கடையின் இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, டிராக்கிங் எண், கூரியர் கேட்கும் கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் நகல். கேஒய்சியில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னே ஒன்றிலும் பின்னே ஒன்றிலும் இருந்தால்கூட இழுத்தடிப்பார்கள்.

சாதாரணத் தபால் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை எடுக்கும். வெளியீட்டு நாளன்றே விமர்சனம் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். தாமதத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. டிஸ்க்கில் தயாரிப்புப் பிழை இருந்தால் முதல் இரண்டு மூன்று வாரத்தில் தெரியவரும், நிறுவனம் மாற்று டிஸ்க் அறிவிக்கும். மாற்று டிஸ்க் கேட்க இன்வாய்ஸ் வேண்டும் என்பதாலும் அதைத் தொலைக்காதீர்கள்.

அட்டை உறை, சிறு புத்தகம் இவையெல்லாம் முதல் அச்சுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் விமர்சனத்தை ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அவை கிடைக்காமல் போகலாம். பெட்டியின் அழகுக்காக டிஸ்க்குக்குக் கூடுதல் மதிப்பெண் போடவேண்டாம்.

3. பிளேயர், டிவி, ரிசீவர்

மூன்று ரீஜனையும் ஓட்டும் பிளேயர் வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் பின்பக்கத் தகட்டில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகியதும் கதை முடிந்தது. கணினி டிரைவ் மலிவுதான். ஆனால் 4கே டிஸ்க்கை முறைப்படி கணினியில் ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. சாதாரணக் கணினிகளுக்கான சிப்புகளில் 11ஆம் தலைமுறையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். புது லேப்டாப் வைத்திருப்பவர் டிரைவ் வாங்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

டிவியில் மாற்றவேண்டியவை:

- ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அது. இல்லாவிட்டால் சினிமா மோட்.
- மோஷன் ஸ்மூத்திங் முழுவதுமாக ஆஃப். இது ஓடினால் உதையிலும் குத்திலும் டிவியே போலி ஃபிரேம்களைச் செருகும். நீங்கள் டிஸ்க்கைப் பழிப்பீர்கள்.
- ஷார்ப்னஸ் கூட்டப்படாத நிலையில். பல டிவிகளில் அது பூஜ்யம்.
- நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப், ஓவர்ஸ்கேன் (படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டுவது) ஆஃப்.
- 4கே என்றால், பிளேயர் செருகியிருக்கும் ஹெச்டிஎம்ஐ துளைக்கு மேம்பட்ட சிக்னல் அமைப்பு ஆன். அது ஆஃபில் இருந்தால் ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் சிக்னல்) வந்து சேராது.

பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் (டிஸ்க்கின் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு) தேர்ந்தெடுத்து, செகண்டரி ஆடியோ அல்லது ஆடியோ மிக்ஸ் என்ற அமைப்பை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் இழப்பில்லா ஒலி, ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவருக்குப் போகாமல் சாதாரண டால்பியாக இறங்கிவிடும். டிவி வழியாக ஒலியை எடுப்பவர்கள் ஈஆர்க் (டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி அனுப்பும் புதிய ஹெச்டிஎம்ஐ வழி) இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பழைய ஆர்க் வழியில் இழப்பில்லா ஒலி போகாது. பிளேயரை நேராக ரிசீவரில் செருகுவதே தொல்லையில்லாத வழி.

4. ஓடும் நேரக் கணக்கு

டிஸ்க் வெட்டப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி கடிகாரம். ஆனால் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் "4 நிமிடம் காணோம்" என்று எழுதிவிடாதீர்கள். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடியில் படம் வினாடிக்கு 24க்குப் பதில் 25 ஃபிரேம் ஓடும். 100 நிமிடப் படம் அதில் 96 நிமிடம். ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை. ப்ளூ-ரே பெரும்பாலும் 23.976இல் ஓடுவதால் அதே 100 நிமிடப் படம் 6 வினாடி கூடுதலாகக் காட்டும். இந்த இரண்டையும் கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தால்தான் வெட்டு.

பிரிட்டன் டிஸ்க்கென்றால் அங்குள்ள தணிக்கை வாரியமான பிபிஎஃப்சியின் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். எத்தனை நிமிடம் எத்தனை வினாடி, வெட்டு உண்டா, ஏன் என்று இருக்கும். சண்டைக்காக வெட்டுவது இப்போது அரிது. ஆனால் 1937ஆம் ஆண்டின் விலங்குகள் திரைப்படச் சட்டம் இன்னும் அங்கே நடப்பில் இருக்கிறது. கயிறு கட்டிக் குதிரையை விழவைத்த காட்சி பழைய ஹாங்காங் படத்தில் இருந்தால் அது போகும். சில வினாடிதான், என்றாலும் எழுதவேண்டும்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு வெர்ஷன் என்று விளம்பரம் இருந்தால் இடக் கணக்கையும் போடுங்கள். வினாடிக்கு 30 மெகாபிட் என்றால் 100 நிமிடத்துக்கு 22.5 ஜிபி. இரண்டு வெர்ஷனையும் தனித்தனியாக வைத்தால் 45 ஜிபி. ப்ளூ-ரேயின் மொத்த இடம் 50. மிச்சம் 5 ஜிபியில் நாலு ஆடியோவும் இரண்டு மணி நேரப் பேட்டியும் ஏற்ற முடியுமா? எங்கோ பிட்ரேட்டைக் குறைத்திருப்பார்கள். பல பிளேயர்களின் ரிமோட்டில் டிஸ்ப்ளே பட்டன் பிட்ரேட்டைக் காட்டும். வெடிப்பு, புகை, மழைக் காட்சிகளில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. படத்தரம்

முதல் தடவை நிறுத்தாமல் முழுப் படத்தையும் பாருங்கள். உறுத்திய இடங்களின் நேரத்தை மட்டும் குறித்து வைத்தால் போதும். இரண்டாவது சுற்றுதான் வேலை, 100 நிமிடப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், டிஸ்க்கின் தலையில் கட்டக்கூடாதவை. சண்டை இயல்புக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறதா? வினாடிக்கு 22 அல்லது 20 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது அங்கே வழக்கமான உத்தி. ஸ்லோமோஷன் விட்டுவிட்டு நகர்கிறதா? சாதாரண வேகத்தில் எடுத்துவிட்டு ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு மூன்று முறை அச்சிட்டது அது. ஷா பிரதர்ஸ் என்ற ஹாங்காங் ஸ்டுடியோவின் படங்களில் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது சுவர் வளைவதும், ஓரங்கள் மங்குவதும் அந்தக் காலத்து அகலத்திரை லென்ஸின் குணம். பெயர் போடும் காட்சியிலும் காட்சி கரைந்து மாறும் இடத்திலும் கிரெயின் (ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிப் புள்ளிகள்) திடீரென்று கனத்தால், அந்தத் துண்டு லேபில் இன்னொரு தலைமுறை பிரதி எடுக்கப்பட்டது என்று பொருள். இவை இல்லாமல் துடைத்து வைத்திருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

இனி நிஜமான கோளாறுகள். சண்டைப் படத்துக்கு மிகவும் கெடுதல் செய்வது அதிகப்படியான நாய்ஸ் ரிடக்‌ஷன். நின்று பேசும் காட்சியில் முகம் மெழுகாகத் தெரிவதை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். அதைவிட முக்கியம் வேகமாகப் போகும் கை, காலுக்குப் பின்னால் வால்போல் இழுபடும் மங்கல். அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு கிரெயினை நீக்கும் மென்பொருள், வேகமான அசைவையும் கிரெயின் என்று நினைத்து அழிப்பதால் வருவது அது. சுவரோ வானமோ உள்ள காட்சியில் கிரெயினைக் கவனியுங்கள். உயிரோடு அசைந்தால் நல்லது. கேமரா நிற்கும்போது கிரெயினும் உறைந்துபோய், கேமரா நகர்ந்ததும் சேர்ந்து நகர்ந்தால் துடைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய வீடியோ மாஸ்டர், அதாவது டிஸ்க் தயாரிக்க ஆதாரமாக எடுத்த பிரதி. வேகமான உதை ஒன்றில் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொன்றும் தனித் தெளிவோடு இருக்கவேண்டும், அசைவால் வரும் இயல்பான மங்கல் பரவாயில்லை. சில ஃபிரேமுக்கு ஒருமுறை காலே இரண்டாகத் தெரிந்தால், அது டிவி தரத்தில் வேகம் மாற்றிய மாஸ்டர். அட்டையில் "புதிய ரீஸ்டோரேஷன்" (பழைய ஃபிலிமைச் சீர்செய்து புதுப்பித்தது) என்று இருந்தாலும் சரி, இந்தச் சோதனை பொய் சொல்லாது. ரேகைகள் சீப்புப் பல் போலப் பிரிந்தால் இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டாகப் பிரிக்கும் முறை) தவறு. நீளமான வெர்ஷனில் சில நிமிடம் மட்டும் மங்கினால், அந்தப் பகுதிக்கு டேப் பிரதிதான் கிடைத்தது என்று கொள்ளலாம். அதை நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

நிறத்தில் அவசரப்படாதீர்கள். படம் முழுக்க மஞ்சளோ பச்சை கலந்த நீலமோ படர்ந்திருப்பது புதிய ரீஸ்டோரேஷன்களில் உள்ள வியாதிதான். வெள்ளைச் சட்டை, மருத்துவமனைச் சுவர், கண்ணின் வெள்ளை, எழுத்துப் பலகை ஆகிய நான்கையும் வெவ்வேறு காட்சிகளில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே சாயம் என்றால் ரீஸ்டோரேஷன் செய்தவர் கை. ஒரு காட்சியில் மட்டும் என்றால் விளக்கு அமைப்பாக இருக்கலாம். இரவுச் சண்டைகளில் கறுப்பு உடையின் மடிப்பு தெரிகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரீஸ்டோரேஷனைப் பல நாட்டு நிறுவனங்கள் வாங்கி வெளியிடுவது வழக்கம். அப்போது நிறமும் கிரெயினும் எல்லா டிஸ்க்கிலும் ஒன்றாகவே இருக்கும். புகையிலும் நீரிலும் சதுரம் சதுரமாக உடைகிறதா, இருட்டில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா என்பதில்தான் வித்தியாசம். கைக்கு வந்த டிஸ்க் எந்த மாஸ்டரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விமர்சனம் எழுதியாயிற்று.

6. ஒலி

இங்கேதான் அட்டையை நம்பக்கூடாது. பெரும்பாலான 1970கள், 80களின் ஹாங்காங் படங்கள் மோனோ, அதாவது ஒரே சேனல் ஒலி. பிற்பாடு அதை 5.1 (சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) ஆக்கும்போது துப்பாக்கிச் சத்தம், குத்துச் சத்தம், சில சமயம் இசையைக்கூட மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். அதனால் டிஸ்க்கில் பழைய மோனோ இருக்கிறதா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி. 5.1 எவ்வளவு அதிர்ந்தாலும் அதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

"மோனோ" என்று எழுதியிருப்பதும் 5.1ஐச் சுருக்கியதாக இருக்கலாம். சோதனை எளிது. ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது ப்ரோ லாஜிக்கை ஆன் செய்து அந்த டிராக்கை ஓட்டுங்கள். நிஜ மோனோ முழுவதும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும். பக்கத்து ஸ்பீக்கர்களில் சத்தம் கசிந்தால் அது மோனோ இல்லை. பிறகு மூன்று நான்கு சண்டைகளில் 5.1ஐயும் மோனோவையும் மாற்றி மாற்றிக் கேட்டு, எந்தச் சத்தம் புதிது என்று நேரத்தோடு குறியுங்கள். சத்த அளவைச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டில் உரத்தது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

லேசான இரைச்சல் பழைய ஆப்டிகல் டிராக்கில் (ஃபிலிமின் ஓரத்திலேயே பதிந்த ஒலி) இருக்கத்தான் செய்யும். இரைச்சல் துளிகூட இல்லாமல், வசனம் போர்வைக்குள் பேசுவதுபோல் கேட்டால் வடிகட்டியிருக்கிறார்கள்.

உதட்டசைவை வைத்து ஒத்திசைவைச் சோதிக்காதீர்கள். அந்தக் காலப் படங்களில் வசனம் முழுக்கப் பின்னால் டப்பிங் செய்தது, நடிகரின் குரலே வேறொருவருடையதாக இருக்கும். கண்ணாடி உடைவது, கதவு சாத்துவது, துப்பாக்கி முனையில் நெருப்பு தெறிப்பது ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி வினாடி. இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனால் குத்து உறைக்காது. வேறொரு டிஸ்க்கை ஓட்டி, உங்கள் டிவியின் தாமதம் இல்லை என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.

7. சப்டைட்டில்

ஹாங்காங்கில் பேசும் கன்டோனீஸ் நமக்குத் தெரியாது, ஆனாலும் ஒரு மோசடியைக் கண்டுபிடிக்கலாம். ஆங்கில டப்பிங்கை ஓட்டி, கன்டோனீஸுக்கான சப்டைட்டிலைப் போடுங்கள். பேச்சும் எழுத்தும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் அது கன்டோனீஸின் மொழிபெயர்ப்பு அல்ல, டப்பிங் வசனத்தின் நகல். நகைச்சுவை, சாபம், பெயர்கள் எல்லாம் அதில் மாறியிருக்கும். இந்த ஒரு குறைக்காகவே டிஸ்க்கைத் தள்ளிவைக்கச் சொல்லலாம்.

மற்றவை: கடிதம், கடைப்பலகை, பாட்டு இவற்றுக்கு மொழிபெயர்ப்பு இருக்கிறதா, வெள்ளைப் பின்னணியில் எழுத்து தெரிகிறதா, கறுப்புப் பட்டைக்குள் இறங்குகிறதா. கடைசியது புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு முக்கியம்.

8. கூடுதல் அம்சங்கள்

எல்லாவற்றையும் பாருங்கள், எல்லாவற்றையும் விவரிக்காதீர்கள். எது புதிது, எது பழைய டிவிடியிலிருந்து எடுத்தது, எத்தனை நிமிடம், எந்த டிஸ்க்கில், எந்த ரீஜனில் என்ற பட்டியல் போதும். கமென்டரியை (படத்தோடு கூடவே ஓடும் விளக்கப் பேச்சு) மட்டும் முழுக்கக் கேளுங்கள். அரை மணிக்குப் பிறகு விக்கிப்பீடியா வாசிப்பாக மாறுபவை உண்டு.

9. எழுதுவதும் வெளியிடுவதும்

100 நிமிடப் படம், ஒரு கமென்டரி, இரண்டு மணி நேர இணைப்புகள் என்றால் பார்ப்பதற்கு மட்டும் ஒன்பது மணி நேரமாவது ஆகும். எழுத இரண்டு மூன்று மணி நேரம். இரண்டு வார இறுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தலைப்புக்குக் கீழே நிறுவனம், நாடு, ரீஜன், வெர்ஷன், ஓடும் நேரம், ஆடியோ, சப்டைட்டில், நீங்கள் பார்த்த டிவியின் அளவு, 4கேயா ப்ளூ-ரேயா என்பவை வரட்டும். 32 இன்ச்சில் பார்த்துவிட்டு கிரெயினைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குறைகளை நேரத்தோடு எழுதுங்கள்: "41:20இல் கையைச் சுற்றி இழுபடுகிறது" என்றால் யாரும் சரிபார்க்கலாம்.

திரையைப் போனில் எடுத்த படம் நிறத்துக்குச் சாட்சி ஆகாது, போட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தில் டிஸ்க்கின் பூட்டை உடைத்தால் 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. அதனால் கருத்தை விளக்கத் தேவையான சில படங்களோடு நிறுத்துங்கள், சண்டைக் காட்சியை முழுதாக ஏற்றவேண்டாம்.

நிறுவனம் இலவசமாக அனுப்பிய டிஸ்க் என்றால் அதைக் கட்டுரையின் மேலேயே குறிப்பிடுங்கள். இலவசப் பொருளையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனிலிருந்து கேட்பதுதான். அப்படி வருவது பெரும்பாலும் அட்டையில்லாத சோதனை டிஸ்க்காக இருக்கும். பெட்டியைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ அதை வைத்து எழுத வழியில்லை, சில சமயம் மெனுவும் சப்டைட்டிலும்கூடக் கடையில் விற்பதிலிருந்து மாறுபடும். மாற்று டிஸ்க் அறிவித்தால் பழைய விமர்சனத்தை அழிக்காமல் மேலே தேதியோடு ஒரு குறிப்புப் போடுங்கள். பழைய அச்சு இன்னும் கடை அலமாரிகளில் விற்றுக்கொண்டுதான் இருக்கும்.